நனையாத ஆள்

குற்றாலிங்கம் அண்ணாச்சி இறந்துபோன செய்தி எங்கள் ஆபீசுக்கு முதலில் போனில்தான் வந்தது. நாங்கள் யாரும் எடுக்கவில்லை. மணி அடித்தது, ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்திருந்த செல்வி கை துறுதுறுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கட்டுமாக்கா?"

"எடுக்கக் கூடாது. அது செத்துப்போச்சு" என்றேன். போனின் மேல் கேந்திப்பூ மாலை கிடந்தது.

அண்ணாச்சியைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். எங்களுடையது தென்காசி ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் இருக்கும் லாரி பார்சல் ஆபீஸ். ஆலங்குளம் பக்கத்துக் காய்கறியும் வாழையிலையும் பூவும் எங்களிடம் வந்து எடை போட்டு, செங்கோட்டை வழியாக மலையேறி, ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்குப் போகும். அங்கே அண்ணாச்சி ஹெட் கிளார்க். புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்கு வேலை பழக்குவது அவர் பொறுப்பு. வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுவார். வேலை எப்படி நின்றுபோகும் என்பதைத்தான் நாள் முழுக்கச் சொல்லுவார். "சாவி இல்லாட்டி?" "போன் இல்லாட்டி?" "டிரைவர் இல்லாட்டி?" என்று கேட்டுக் கேட்டே, தென்காசி பஜார் முழுக்க அவருக்கு 'இல்லாட்டி அண்ணாச்சி' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாயால் கேட்பதோடு அவர் விட்டால்தானே. புது ஆள் சேருகிற அன்று காலையில், காசி விசுவநாதர் கோயில் வாசல் பூக்கடையில் ஒரு கேந்திப்பூ மாலை வாங்கி வந்து, ஆபீசில் ஏதாவது ஒன்றுக்குப் போட்டுவிடுவார். மாலை விழுந்த சாமான் அன்றைக்குச் செத்துப்போனதாகக் கணக்கு. அதை யாரும் தொடக்கூடாது, அதனிடம் எதுவும் கேட்கக்கூடாது, வேலையும் நிற்கக்கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாலையைக் கழற்றியதும் அதற்கு உயிர் வந்துவிடும். கழற்றிய மாலை எதிர்த்த டீக்கடை மைதீன் பாயின் ஆட்டுக்குப் போகும். அந்த ஆடு மணி பார்க்கத் தெரிந்ததுபோல ஐந்துக்கு முன்னமே வாசலில் வந்து நிற்கும்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது நான் இந்த ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து. முதல் நாள் ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி, வகிடெடுத்துச் சீவிய தலை காற்றில் கலைந்துவிடக் கூடாதென்று பொத்திக்கொண்டு வந்து இறங்கினேன். எனக்கென்று போட்டிருந்த மேசையில் டைப்ரைட்டர். அதன் மேல் கேந்திப்பூ மாலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிலை இவ்வளவு மதிக்கிற இடமா என்று செருப்பைக் கழற்றிவிட்டு, பர்சிலிருந்த திருநீற்றை மிஷினுக்குப் பூசி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஏம்மா, யாரைக் கும்பிடுத?"

"மிஷினைத்தான் அண்ணாச்சி. பூசை போட்டிருக்கீகளே."

"பூசை இல்லை தாயி, துட்டி. மிஷின் காலையிலதான் போய்ச் சேந்துச்சு. லாரிக்கு ரசீது வேணும். மிஷின் இல்லாட்டி என்ன செய்வே?"

"கையால எழுதுவேன்."

"எழுது. கார்பன் எங்கன இருக்குன்னு தெரியுமா? யார்ட்ட கேப்பே? கேக்கப்பட்ட ஆளு வராட்டி?"

அன்று சாயங்காலம் வரை கையால் எழுதினேன். விரலெல்லாம் கார்பன் மை. வந்த அன்றே எந்த அலமாரியில் எது இருக்கிறது, யாருடைய கையெழுத்து யாருக்குப் புரியாது, எந்த வியாபாரி பொறுப்பார், எவர் கத்துவார் என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று. மிஷின் உயிரோடு இருந்திருந்தால் இதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஐந்து மணிக்கு அண்ணாச்சி மாலையைக் கழற்றி, "உயிர் வந்துட்டு. இனி தட்டு" என்றார். ஆடு எனக்கு முன்னால் வந்து நின்றது.

எங்கள் ஊரில் எரிச்சல் வந்தால் எதையும் 'சவம்' என்போம். மழை பெய்தால் சவத்து மழை, பஸ் வராவிட்டால் சவத்து பஸ். அண்ணாச்சி அந்த வார்த்தையை அப்படி வீணாக்கமாட்டார். மாலை போட்ட சாமானை யாராவது மறந்துபோய்த் தொடப் போனால் மட்டும், "சவத்தைத் தொடாதீரும் வே" என்பார். ஒரு தடவை லாரிக்கே மாலை போட்டுவிட்டார். புது லாரி வாங்கியிருக்கிறார்கள் போல என்று, புதிதாகச் சேர்ந்த லோடுமேன் இசக்கி சூடம் ஏற்றி, தேங்காய் விடலை போட்டு, துண்டு நிறையச் சில்லும் பொறுக்கி வைத்துக்கொண்டான். "லாரிக்கு இல்லை வே, ரோட்டுக்கு மாலை. மலையில ரோடு இல்லாட்டி சரக்கு எப்படிப் போகும்?" என்று அண்ணாச்சி கேட்டார். இசக்கி தேங்காய்ச் சில்லை மென்றபடி யோசித்தான். "ரயில்ல போகும்" என்றான். "அப்போ போய்க் கேட்டுட்டு வாரும். எந்த வண்டியில பார்சல் பெட்டி உண்டு, எப்போ கதவை அடைப்பாக, யாரைப் பாக்கணும்." இசக்கி அன்றைக்கு முழுக்க ரயில் நிலையத்தில் கிடந்து, போர்ட்டர்கள் அத்தனை பேரோடும் பழகிவிட்டு வந்தான்.

எதற்கு இத்தனை பாடு என்று நானே ஒருமுறை அவரிடம் கேட்டேன். "ஒண்ணு இருக்கையிலேயே, அது இல்லாம இருந்து பாத்துக்கிடணும் கோமு. போனப்புறம் பாத்துக்கிடலாம்னா, பயத்தில கண்ணு தெரியாது" என்றார்.

சாரல் பிடித்துவிட்டால் பாடம் குற்றாலத்துக்கு இடம் மாறும். புதிதாகச் சேர்ந்தவர்களையும் எங்களையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவார். அருவி தெரிந்த உடனே எல்லாருக்கும் கால் நிற்காது. அண்ணாச்சி கையை விரித்து மறிப்பார். "நனையாத ஆள் யாரு?" என்பார். யாராவது ஒருத்தர் எல்லாருடைய உடுப்பையும் செருப்பையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு வெளியே இருக்க வேண்டும். அருவியில் தண்ணீர் கூடிவிட்டால் போலீஸ் விசில் அடிப்பார்கள், கூட்டம் நாலு பக்கமும் சிதறும். அப்போது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் உலர்ந்த துணியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். "ஒருத்தன் நனையாம இருந்தாத்தாம்லே மத்தவன் நிம்மதியா நனையலாம்" என்பது அவர் சொல்.

நனையாத ஆள் யாரென்று கேட்பாரே தவிர, யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் அவரே மூட்டையை வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் குரங்குக்கென்று தனியாக ஒரு வாழைப்பழம் வைத்திருப்பார். குரங்கு துணிமூட்டையில் கை வைக்க வந்தால் பழத்தைக் காட்டி அந்தப் பக்கம் வீசிவிடுவார். "ஒரு பழம் போதுமா அண்ணாச்சி? ரெண்டாவது குரங்கு வந்தா?" என்று நான் கேட்டேன். அவர் முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஒரு சீப்பே கொண்டுவந்தார். மேலகரத்தில் வீடு, கூப்பிடு தூரத்தில் அருவி, அப்படியிருந்தும் சீசனில் எங்களோடு அவர் குளித்து ஒருநாளும் நாங்கள் பார்த்ததில்லை. ஆபீசுக்கு லீவு போட்டும் பார்த்ததில்லை. அவர் உடம்பு வாகு அப்படி என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆபீசுக்குப் புது மானேஜராக நடராஜன் வந்தார். மதுரைக்காரர், நல்ல படிப்பு, சின்ன வயது. மானேஜராக இருந்தாலும் புதிதாகச் சேருகிறவர் புது ஆள்தானே என்பது அண்ணாச்சியின் நியாயம். அவர் வருகிற அன்று காலையில் மானேஜர் நாற்காலிக்கு மாலையைப் போட்டுவிட்டார். வந்ததும் உட்கார வைத்து விளக்கமாகச் சொல்லலாம், மனிதர் ரசிப்பார் என்று எண்ணம்.

நடராஜன் தனியாக வரவில்லை. அவருடைய அம்மாவையும் கூட்டி வந்தார். அந்த அம்மா வாசலில் நின்று மாலை போட்ட நாற்காலியைப் பார்த்தார்கள். "பாருடா, உனக்கு எவ்வளவு மரியாதை பண்றாங்க" என்று பூரித்துப்போய், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அந்த மாலையை எடுத்து மகன் கழுத்தில் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, திருஷ்டியும் கழித்துவிட்டார்கள். பிறகு எங்கள் எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, சந்தோஷமாகத் தங்கியிருந்த இடத்துக்குக் கிளம்பிப் போனார்கள். பெற்ற தாய் முகம் மலர்ந்து நிற்கையில், அம்மா இது துட்டி மாலை என்று எவன் சொல்லுவான்?

இப்போது மாலை மானேஜர் கழுத்தில். சட்டப்படி அவர் இன்றைக்கு இல்லை. சட்டத்தை அண்ணாச்சி மீறுவாரா? தன் இடத்தில் போய் உட்கார்ந்து, எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

"டைப்பிஸ்ட், ஒரு லெட்டர் எடுத்துக்கங்க" என்றார் நடராஜன். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "யாராவது டீ சொல்லுங்க" என்றார். இசக்கி அவர் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். மத்தியானம் ஆலங்குளத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி வந்து, "புது மானேஜர் வந்திருக்காராம்லா, எங்க?" என்று கேட்டார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மானேஜருக்கு முன்னாலேயே இசக்கி பணிவாகச் சொன்னான். "அவுக இன்னைக்கு இல்லை, அண்ணாச்சி. என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்க செஞ்சு தாரோம்." வியாபாரி மானேஜரைப் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எடை போடுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

பாவம் நடராஜன். எல்லாரும் சேர்ந்து தன்னை ஒதுக்கி வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அம்மா போட்ட மாலையை முதல் நாளே கழற்றினால் சகுனம் சரியில்லை என்று அதையும் கழற்றவில்லை. ஐந்து மணிக்கு அண்ணாச்சி எழுந்து போய், சாமிக்கு நிர்மால்யம் எடுக்கிறவர்போல மாலையைக் கழற்றி, "வாங்க சார், வாங்க. இப்பதான் வந்தீக. டீ சொல்லட்டுமா?" என்றார். அதற்குள் ஆடு மானேஜரின் அறை வரைக்கும் வந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் நடராஜன் கொதித்துப்போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கம்மா கையாலேயே எனக்குச் சாவு மாலை போட வச்சிட்டீங்களே என்று அவர் கேட்டபோது, அவர் குரல் உடைந்திருந்தது. அண்ணாச்சி கை கட்டி நின்றார். "தப்புத்தான் சார். இல்லாட்டி இல்லாட்டின்னே யோசிச்சேன். அம்மா வந்தா என்னன்னு யோசிக்கலை" என்றார். அதைக் கேட்டு இசக்கி சிரித்துத் தொலைத்தான். காரியம் அங்கேதான் கெட்டது. இனிமேல் ஆபீசுக்குள் பூவே வரக்கூடாது என்று உத்தரவு. ஓணம் லோடு முடிந்ததும் அண்ணாச்சியைத் திருநெல்வேலி குடோனுக்கு மாற்றப்போவதாகவும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சிக்கு அது சின்ன அடி இல்லை. அவருடைய ஆயுசுக்கும் இந்த ஆபீஸ்தான். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து கதவைத் திறப்பார், சாயங்காலம் எங்களுக்குப் பின்னால் பூட்டுவார். திருநெல்வேலி என்ன கடல் தாண்டியா இருக்கிறது, பஸ் ஏறினால் வந்துவிடும் என்று நாங்கள் தேறுதல் சொன்னோம். "ஊருக்கு என்னம்மா? ஊரு நல்ல ஊருதான். இங்கன சாரல் விழுதப்ப நான் அங்கன இருப்பேன். அதான்" என்றார். அதற்குப் பிறகு 'இல்லாட்டி' என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ஆபீஸ் சப்பென்று ஆகிவிட்டது. ஆடு கொஞ்ச நாள் ஐந்து மணிக்கு வந்து பார்த்துவிட்டு அலுத்துப்போயிற்று.

ஓணம் நெருங்கியது. வியாபாரிகளைப் பார்த்துப் பேச நடராஜன் புனலூருக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மலையில் பேய்மழை. ரோட்டில் மண் சரிந்து லாரிகள் செங்கோட்டையில் நின்றுவிட்டன. போனும் செத்துவிட்டது, இந்தத் தடவை நிஜமாகவே. லாரியில் தக்காளியும் புடலங்காயும் வாழையிலையும். ஓணத்துக்கு மறுநாள் போய்ச் சேருகிற இலையை வைத்து யார் என்ன செய்வது? இந்த லோடு தவறினால் புனலூர் வியாபாரிகள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மானேஜர் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. நாங்கள் எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு மாற்றல் உத்தரவுக்குக் காத்திருக்கிற மனிதர். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வெகுநாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு வந்தது.

"நனையாத ஆள் யாரு?"

"நான்" என்றேன். ஆபீசை நான் பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று. மற்றது எதையும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இசக்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு, மழையில் ரயில் நிலையத்துக்குப் போனான். அண்ணாச்சி செங்கோட்டைக்குப் போய் லாரிகளைத் தென்காசிக்கே திருப்பிக் கொண்டுவந்து, கூடைகளை எங்கள் ஸ்டேஷனில் இறக்கினார். போர்ட்டர்கள் இசக்கிக்கு ஏற்கெனவே சிநேகிதம், பார்சல் பெட்டியின் கதவை அடைக்காமல் வைத்திருந்தார்கள். எல்லாச் சரக்கும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இலையில் ஒரு பங்கு நின்றுவிட்டது, அதை மைதீன் பாய் கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சும்மா கொடுத்தோம். மீதி மலை தாண்டிப் போய்விட்டது. புனலூரில் ஒரு வியாபாரி கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நடராஜனிடம், உங்கள் தென்காசிச் சரக்கு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறது என்று ஸ்டேஷன் ஆள் வந்து சொன்னாராம். அப்போது தன் கை தானாகவே, மாலை கிடக்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டதாக நடராஜன் பிறகு எங்களிடம் சொன்னார்.

ஓணம் கழிந்து அவர் திரும்பி வந்த அன்று, அண்ணாச்சி மாற்றலுக்குத் தயாராக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நடராஜன் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். "சாவிக்கு மாலை போட்டீங்க, போனுக்குப் போட்டீங்க, எனக்கும் போட்டீங்க. அண்ணாச்சி, உங்களுக்கு யாராவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க இல்லாட்டி?" என்றார் நடராஜன்.

அந்த ஆபீசில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அண்ணாச்சியும் கேட்டதில்லை. "நீங்க திருநெல்வேலிக்குப் போக வேண்டாம். ஒரே ஒரு நாள் குற்றாலத்துக்குப் போங்க, போதும்" என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு கேந்திப்பூ மாலையை எடுத்து, அண்ணாச்சியின் நாற்காலியில் போட்டார். அவரே பூக்கடைக்குப் போய் வாங்கி வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அண்ணாச்சி பட்ட பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வெளியே போனவர் குற்றாலம் பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்த்த டீக்கடையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு எங்களையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் ஒல்லி, அண்ணாச்சி அப்படி இல்லை. நாங்கள் பார்க்காததுபோல இருந்தோம். கொஞ்ச நேரத்தில் எடைத் தராசு கோளாறு செய்தது. ஒரே மூட்டைக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடை. இசக்கி தராசைத் திட்டித் தீர்த்தான். அப்போது மைதீன் பாய் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "அந்தத் தராசு காலுக்கு அடியில ஒரு தேங்காச் சிரட்டைத் துண்டு வைக்கணுமாம். யார் சொன்னாகன்னு கேக்காதீக."

"செத்தவங்க சொல்லி அனுப்பினா எடுத்துக்க முடியாது பாய்" என்று நடராஜன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் காதில் விழுந்தது விழுந்ததுதான், ஆனாலும் நாங்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் இசக்கியும் மானேஜருமாகத் தரையில் குந்தி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து, தளத்தில் பள்ளம் இருப்பதைக் கண்டுபிடித்து, சிமெண்ட் வாங்கிவந்து பூசிவிட்டோம். தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து அண்ணாச்சி யாருக்கும் தெரியாமல் சிரட்டை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நினைப்புத்தான், வேறென்ன. நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது தூணுக்குப் பின்னால் ஆள் இல்லை. "'பயலுவ கண்டுபிடிச்சிட்டானுவ'ன்னு சொல்லிட்டு, குத்தாலம் பஸ் ஏறிட்டாக" என்றார் மைதீன் பாய்.

ஐந்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மாற்றுத் துணி கொண்டுபோக வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை, எல்லாருக்கும் சேர்த்து யோசித்த மனிதருக்கு. கண்ணெல்லாம் சிவந்து, முகம் பிள்ளை முகம்போல இருந்தது. நான் மாலையைக் கழற்றினேன். அவர் நாற்காலியில் உட்காராமல் என் மேசைக்கு வந்து நின்றார்.

"கோமு, என்னைத் தேடுச்சா?"

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். காணாமல்போன சாவியைத் தேடுவதும் தேடுவதுதான். ஊருக்குப் போன ஆளை நினைத்து மனசு ஏங்கினாலும், 'தேடுது' என்றுதான் சொல்லுவோம்.

"வேலைக்குத் தேடலை அண்ணாச்சி" என்றேன்.

"ஒண்ணுக்கும்?"

"ஒண்ணுக்கும் தேடலை."

"மத்தபடிக்கு?"

"மத்தபடிக்குத் தேடுச்சு" என்றேன்.

அண்ணாச்சி ஆபீஸ் அதிரச் சிரித்தார். "அப்போ நான் பாஸ்" என்று சொல்லி, ஆடு கேட்பதற்கு முன்னால் மாலையைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகிற வரைக்கும் சீசனுக்குச் சீசன் அவர் லீவு போட்டுக் குளித்தார். துணிமூட்டையை நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம், வாழைப்பழத்தோடு. அவர் போன பிறகு மாலை வாங்குகிற வேலை என்னிடம் வந்தது.

இப்போது மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன். போன் அடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், மேலகரத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து மைதீன் பாய் கடையில் இறங்கினார். மைதீன் பாய் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. "அண்ணாச்சி மவுத்தாயிட்டாக, தாயி. விடியக்காலம் காப்பியைக் குடிச்சிட்டுப் படுத்தவுகதானாம்" என்றார். ஆபீஸ் போனை எடுக்காவிட்டால், அங்கே மாலை விழுந்திருக்கிறது என்று அர்த்தம், டீக்கடைக்கு ஆளை அனுப்புங்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

துட்டிக்குப் போக வேண்டும். இசக்கி போகாமல் இருப்பானா, நான்தான் போகாமல் இருப்பேனா? ஆனால் ஆலங்குளத்திலிருந்து லோடு வந்துகொண்டிருந்தது. துட்டி வீட்டுக்குப் போனால் தலை முழுகிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எங்களுக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கேள்வி தோன்றியது, கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது செல்வி எழுந்து வந்தாள். அன்று காலையில் என்னைப் போலவே பஸ் இறங்கி வந்த பெண். அண்ணாச்சியை அவள் பார்த்ததே இல்லை. போனுக்கு ஏன் மாலை, குற்றாலத்தில் நனையாத ஆள் எதற்கு என்று காலையில் நான் சொன்ன கதையைக் கேட்டதோடு சரி.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கக்கா. நான் நனையாம இருக்கேன்" என்றாள்.

மேலகரத்தில் அண்ணாச்சி மாலையும் கழுத்துமாகக் கிடந்தார். திருநெல்வேலி ஹெட் ஆபீசிலிருந்து நடராஜன் வந்திருந்தார், இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. கையில் ஒரு கேந்திப்பூ மாலை வைத்திருந்தார். அதைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மணி ஐந்தானபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். கழற்ற யாரும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதுவரை நான் நம்பவே இல்லை என்பது.

அண்ணாச்சியிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், பூக்கடைக்குப் போகிற வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரைப் பார்த்தாலும், இவர் இருக்கும்போதே இவர் இல்லாத நாளை ஒரு தடவை நினைத்துப் பார்த்து, உடனே ஓடிப்போய் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிற கிறுக்கையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது அவர் சொல்லித் தராத பாடம், தானாக ஒட்டிக்கொண்டது.

ஈரத் தலையோடு ஆபீசுக்குத் திரும்பினேன். லோடு ஏறிப் போயிருந்தது. போனில் மாலை இல்லை. வாசலில் ஆடு, பழைய ஆட்டின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ, கேந்திப்பூவை மென்றுகொண்டு நின்றது. செல்வி கார்பன் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் முடிஞ்சிட்டுக்கா. ஒண்ணுக்கும் உங்க யாரையும் தேடலை" என்றாள்.

ஆமாம் அண்ணாச்சி. வேலைக்கு உங்களைத் தேடவில்லை. நீங்கள் பாஸ். மற்றபடிக்குத்தான், தேடுது.